நகரசபை வாசலின் இரும்பு வளையம்

ஜனவரி 8, புதன்

கொதிகலன் இன்றைக்கும் முரண்டு பிடித்தது. இரண்டு தட்டுத் தட்டி, நல்ல தமிழில் நாலு வார்த்தை ஏசின பிறகுதான் பற்றியது. ஜெர்மன் இயந்திரம் என்று பெயர், ஆனால் யாழ்ப்பாணத்து ஏச்சுக்குத்தான் அடங்கும்.

இந்த டயறியை யோகமலர் வாங்கித் தந்தாள். "உங்கட நகரசபைப் புராணத்தை இனி இதுக்குச் சொல்லுங்கோ. என்ர காது ஓய்ஞ்சு போச்சு" என்றாள். கட்டின மனைவி. சரி, இதற்கே சொல்கிறேன்.

லின்டன்ரோடே என்கிற இந்த ஜெர்மன் ஊர் சின்னது. நடுச்சந்தையில் நிற்பது நான் பராமரிக்கிற நகரசபைக் கட்டடம். கீழே கல், மேலே கறுத்த மரச்சட்டமும் வெள்ளைச் சுவரும், அதற்கு மேலே செங்குத்தான கூரை, நுனியில் பச்சை பிடித்த செப்புக் கோபுரம். கீழ்த்தளம் சந்தைப் பக்கமாக ஐந்து கல் வளைவுகளோடு திறந்தபடி கிடக்கிறது. அந்தக் காலத்தில் நீதிபதி அந்த வளைவுகளுக்குக் கீழே இருந்துதான் தீர்ப்புச் சொல்வாராம், சனம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று. ஒரு தூணில் இரும்புக் கோல் ஒன்று பதித்திருக்கிறது. துணி விற்கிறவன் அளவில் சுத்துமாத்துச் செய்தால் அதில் வைத்து அளந்து பிடிப்பார்கள். நிலவறையில் ஒரு பக்கம் வைன், மறுபக்கம் சிறை. இப்போது இரண்டையும் இடித்துச் சேர்த்து உணவகம் நடக்கிறது. சிறை இருந்த பக்கத்து மேசைகளுக்குத்தான் ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். வெள்ளைக்காரன் புத்தி.

பெரிய கதவுக்குப் பக்கத்தில் அந்த வளையம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். புறாப்பீ கழுவப் போக வேண்டும்.

ஜனவரி 11, சனி

நிலவறை உணவகத்தில் கோப்பை கழுவுகிற நிமலரூபன் வளைவுக்குக் கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். முள்ளியவளைப் பொடியன். பொடியன் என்கிறேன், நாற்பதை நெருங்கிவிட்டான். மனைவி வதனியை ஊரில் விட்டுவிட்டு வந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறான். நல்ல வேலைகாரன். அவன் முகத்தில் சிரிப்பு வந்து நான் கண்டதில்லை.

சரி, ஆளைக் கொஞ்சம் கலகலப்பாக்குவோம் என்று கட்டடத்தைச் சுற்றிக் காட்டினேன். எல்லாம் காட்டிவிட்டு வளையத்துக்கு வந்தேன். ஒரு சிங்கத்தின் வாயில் தொங்குகிற இரும்பு வளையம், கைப்பிடி அளவுக்குத் தடிப்பு.

"இது தெரியுமே உனக்கு? அந்தக் காலத்தில ஒருத்தனைத் துரத்திக்கொண்டு வந்தால், அவன் ஓடிவந்து இதைப் பிடிச்சிட்டான் எண்டால் சரி. ராசாவே வந்தாலும் தொடேலாது."

"ஆர் தொடேலாது?"

"ஒருத்தரும். நகரசபைக்குச் சொந்தமான ஆள் ஆகியிடுவான்."

அவன் சிகரெட்டை அணைத்துவிட்டு வளையத்தைத் தொட்டுப் பார்த்தான். நான் அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் நில்லாதே. "ஒவ்வொரு கோடையும் ஊர்த் திருவிழாவில மேயர் இதுக்குப் பக்கத்தில நிண்டு சொல்லுறவ, இந்த உரிமையை இண்டைவரைக்கும் ஒருத்தரும் ரத்துச் செய்யேல்லை எண்டு" என்றேன். அது உண்மை. சொல்கிறவதான். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள், பியர் குடிப்பார்கள்.

வளையத்துக்குக் கீழே ஒரு செப்புத் தகட்டில் அதன் கதை பொறித்திருக்கிறது. கடைசி வரியை நான் எவருக்கும் சொல்வதில்லை. கதைக்கு அழகில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கல். பலகணியில் விறகு மூட்டினால் புகை உள்ளே வந்து எச்சரிக்கை மணி அலறும் என்று யோகமலர் மின்னடுப்பில் பொங்கினாள். பால் பொங்கி வழிந்ததும் "பொங்கலோ பொங்கல்" என்று நான் கத்த, மேல்வீட்டுக் கிழவர் தரையை இடித்தார். நானும் இன்னொரு தரம் கத்தினேன்.

நிமலரூபனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். யோகமலர் இரண்டாம் முறை பரிமாறும்போது அவன் சொன்னான்.

"அக்கா, என்ர கேஸ் முடிஞ்சுது. கடைசி முடிவும் இல்லையெண்டு வந்திட்டுது."

யோகமலரின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"தம்பி வந்தவன் எல்லே, எனக்கு முதல்" என்றான். அவனுடைய தம்பியைப் பற்றி எங்களுக்குத் தெரியும். வேறொரு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கினான். விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. தாய் வாசலில் பூவரசம் கம்பு மாதிரி நின்று நின்று, ஒரு வருஷத்தில் போய்ச் சேர்ந்தா. "நானும் அப்பிடித்தான் அண்ணை. இறங்குவன். வெளியால வரமாட்டன்."

"சும்மா இரடா. வழி இருக்கும்" என்றேன்.

"என்ன வழி?"

எனக்கு என்ன தெரியும்? கொஞ்சம் விஸ்கி வேறு ஊற்றியிருந்தேன். வழக்கறிஞரைப் பார், பாதிரியாரைப் பார் என்று எதையோ சொன்னேன். அவன் கை கழுவிவிட்டு வந்து, "அந்த வளையம் உண்மையா இப்பவும் செல்லுமோ, அண்ணை?" என்று கேட்டான்.

யோகமலர் என்னைப் பார்த்தாள். நான் பகிடி என்று நினைத்தேன். "மேயரே சொல்லுறவ, நான் என்ன சொல்ல?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பனி. படிக்கட்டுக்கு உப்புப் போட்டேன். முதுகு பிடித்துவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

நிமலரூபன் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. அகதிகள் விடுதிக்குப் போய்ப் பார்த்தேன், அங்கும் இல்லை. அவனோடு ஒரே அறையில் இருக்கிறவன், "பொலிஸ் தேடி வந்தது, அவன் அதற்கு முதலே போய்விட்டான்" என்றான்.

இன்றைக்கு மேல்தளத்து மண்டபத்தில் ஒரு கலியாணப் பதிவு. மணப்பெண் உத்தரத்தைத் தடவி, எவ்வளவு பழமை என்று உருகினாள். எனக்குச் சிரிப்பு. அது பழமையே இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து மேல்தளம் முழுக்க எரிந்து போனது. கீழ் வளைவுகளும் நிலவறையும்தான் மிஞ்சின. பிறகு ஊர்ச்சனம் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து அச்சடித்த மாதிரித் திரும்பக் கட்டினார்கள். உத்தரத்துக்குள்ளே இருப்பது கொங்கிரீட். வெளியே ஓக் பலகை ஒட்டியிருக்கிறது. தட்டினால் சத்தத்தில் தெரியும். நான் மணப்பெண்ணிடம் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு.

ஜனவரி 29, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலையில் கதவு திறக்கப் போனால் நிமலரூபன் வளையத்தைப் பிடித்தபடி நிற்கிறான். இரண்டு கையாலும். கையுறை இல்லை. தலையில் பனி படிந்திருக்கிறது. எப்போது வந்தானோ தெரியாது.

"டேய், என்ன விசர் வேலை இது? உள்ள வா."

"இல்லை அண்ணை. விட்டால் போச்சு. நான் நகரசபை ஆள். மேயரை வரச்சொல்லுங்கோ."

அவன் பகிடியாகக் கேட்கவில்லை, ஒருநாளும் கேட்கவில்லை. ஐயோ கடவுளே. அது திருவிழாவுக்குச் சொல்கிற கதை, அதை நம்பி வந்து நிற்கிறாயே மடையா என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் எவராலும் சொல்ல முடியாது.

புதன் சந்தை நாள். மரக்கறிக் கடை போட்டுக் கோவா விற்கிறவள் முதலில் வந்து பார்த்தாள். பிறகு பாண் கடைக்காரன். பிறகு சனம். ஒரு கிழவி தன் கழுத்துச் சால்வையை எடுத்து அவன் தலையில் சுற்றினாள். யாரோ கோப்பி கொண்டுவந்து வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள், கை இரண்டும் வளையத்தில் அல்லவா. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், "அவன் நம்முடைய சட்டத்தைத்தான் கேட்கிறான்!" என்று கத்தினார். கைதட்டினார்கள். பத்திரிகைக்காரி படம் எடுத்தாள். அந்த நேரம் எனக்கே, உள்ளதைச் சொன்னால், நெஞ்சு நிமிர்ந்தது. ஒருவேளை நடந்துவிடுமோ என்று நினைத்தேன்.

பொலிஸ் வந்தது. வளைவுகளுக்கு வெளியே நின்றார்கள். இவ்வளவு சனத்துக்கு நடுவில் இழுத்துப் பறிக்க அவர்களுக்கும் விருப்பமில்லை.

மேயர் ஹார்ட்விக் அம்மா ஓடிவந்தா. நல்ல மனுஷி, அதையும் எழுத வேண்டும். என் முதுகுவலிக்கு மருத்துவர் பெயர் தந்தவ. பொலிஸ்காரரோடு தள்ளி நின்று பேசிவிட்டு வந்தா. முகம் வெளிறியிருந்தது. சனம் சத்தம் போடுவதை நிறுத்தியது.

"திரு ஞானசேகரம், நான் சொல்வதை அப்படியே அவருக்குச் சொல்லுங்கள்" என்றா. பிறகு ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "பழைய வழமைப்படி நகரசபை நாளை கூடி உங்கள் முறையீட்டைக் கேட்கும். அது முடியும் வரை இந்தக் கட்டடத்துக்குள் யாரும் உங்களைத் தொடமாட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நான் உறுதியளிக்க முடியாது."

நிமலரூபன் கோப்பை கழுவுகிற வேலைக்குத் தேவையான அளவுக்குத்தான் ஜெர்மன் கதைப்பான். என்னைப் பார்த்தான். உதடு நீலம். கண் மட்டும் என்னில் குத்திட்டு நின்றது.

நான் சொன்னேன்: "தம்பி, நகரசபை உன்னைப் பொறுப்பெடுக்குதாம். இனி ஒருத்தரும் உன்னைத் தொடமாட்டினமாம். மேயர் அம்மா எல்லாற்றை முன்னாலயும் வாக்குக் குடுக்கிறா. கையை விடு, ராசா."

"உண்மையாவோ அண்ணை?"

"உண்மையா."

அவன் அழுதான். கையை விடப் பார்த்தான். வரவில்லை. தோல் இரும்போடு ஒட்டிப் பிடித்துவிட்டது. நான் உள்ளே ஓடிப்போய்க் கேத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து மெல்ல மெல்ல ஊற்றினேன். ஒரு கை வந்தது. மற்றக் கை வந்தபோது உள்ளங்கைத் தோல் கொஞ்சம் வளையத்திலேயே நின்றுவிட்டது. அவன் கத்தவில்லை. சனம் கைதட்டியது.

மேயர் சொன்னபடியே செய்தா. பதிவு அறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் கட்டில் போட்டு, மருத்துவரைக் கூப்பிட்டுக் கட்டுப் போடுவித்தா. பொலிஸ் உள்ளே கால் வைக்கவில்லை. பின்னேரம் யோகமலர் சோறும் மீன்குழம்பும் கட்டித் தந்தாள். கொண்டு போனால், கட்டுப் போட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டு வதனியோடு கதைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றதால் என்ன கதைத்தான் என்று கேட்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கதைத்தான். அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்.

நான் சோற்றை ஊட்டிவிட்டேன். "நாளைக்கு என்ன அண்ணை கேப்பினம்?" என்றான்.

"சும்மா ஒரு சம்பிரதாயம். உள்ளதைச் சொல்லு."

குளிரில் செத்துப் போயிருப்பான், நான் அவனை விடச் சொல்லாவிட்டால். மருத்துவரும் அப்படித்தான் சொன்னார்.

ஜனவரி 30, வியாழன்

மேல் மண்டபத்தில் கூட்டம். கதிரைகளை நான்தான் அடுக்கினேன். தண்ணீர்ப் போத்தல் வைத்தேன். சனத்துக்கு இடம் போதவில்லை, படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள்.

இன்றைக்கு மொழிபெயர்க்கப் பெரிய நகரத்திலிருந்து ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டின ஆள், யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். கல்லு மாதிரி மொழிபெயர்த்தார், ஒன்று கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நிமலரூபன் எல்லாம் சொன்னான். தம்பியைச் சொன்னான். சட்டையைக் கழற்றி முதுகுத் தழும்புகளைக் காட்டினான். முன்வரிசைக் கவுன்சிலர் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நல்லாய்க் கேட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. யாரும் போனைப் பார்க்கவில்லை.

பிறகு மேயர் எழும்பினா. நகரசபை ஆழ்ந்த கவலை கொள்கிறது. மேலிடத்துக்குக் கோரிக்கை அனுப்பும். ஆனால் இந்த விஷயத்தில் நகரசபைக்கு எந்த அதிகாரமும் இல்லை. இடையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தா. "உங்களைக் கேட்போம் என்று சொன்னோம். கேட்டோம்."

காரைநகர்க்காரர் மொழிபெயர்த்தார். நிமலரூபன் அவரைப் பார்க்கவில்லை. மண்டபம் முழுக்கத் தேடி, கடைசிச் சுவரோடு நின்ற என்னைக் கண்டுபிடித்தான்.

"அண்ணை? இவர் பிழையாச் சொல்லுறார் என்ன?"

அவ்வளவு சனமும் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் தமிழ் விளங்காது, அந்தக் காரைநகர்க்காரரைத் தவிர. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பொலிஸ் வளைவுகளுக்குக் கீழே காத்திருந்தது. வாசல் தாண்டியதும் பிடித்தார்கள். அவன் வளையத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். கட்டுப் போட்ட கை, வழுக்கிவிட்டது. வாத்தியார் கத்தினார். கோவா விற்கிறவள் அழுதாள். வண்டி போய்விட்டது.

கதிரைகளை மடித்து வைத்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

வளையத்தைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

பெப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று பாண் கடைக்காரன் சொன்னான். வானொலியில் சொன்னார்களாம்.

சனம் வளையத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்திருக்கிறது. மெழுகு உருகிச் செப்புத் தகட்டை மூடிவிட்டது. கத்தியால் சுரண்டினேன். கடைசி வரியில் வந்து கை நின்றது. ஐந்நூறு வருஷத்துக்கு முதல் ஒரு வேலைக்காரன் வந்து இந்த வளையத்தைப் பிடித்தான். சபை அவனை உள்ளே எடுத்து, சூப் கொடுத்து, அவன் முறையீட்டைக் கேட்டது. "பிறகு அவன் சந்தையில் வாளுக்குக் கையளிக்கப்பட்டான்." அதுதான் கடைசி வரி. இந்த வளையத்தைப் பற்றிப் பதிந்திருக்கிற ஒரே கதை அதுதான். எனக்கு எப்போதோ தெரியும்.

யோகமலர் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டியிருந்தேன், மேயர் சொன்னது, நான் சொன்னது, சனம் கைதட்டினது. அன்றைக்கு அவளும் கண்ணைத் துடைத்தாள். இன்றைக்கு, "அவ சொன்னதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள்.

"என்னத்துக்கு இப்ப அது?" என்று எரிந்து விழுந்தேன். மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் வைக்கிறதில்லை. ஆள் விறைத்துச் சாகக் கிடக்கும்போது சட்டம் படிப்பிக்கிறதா? கருத்துத்தான் முக்கியம். கருத்தை நான் சரியாகத்தான் சொன்னேன்.

பெப்ரவரி 6, வியாழன்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் போன் அடித்தது. வதனி. கொழும்பிலிருந்து.

"அண்ணை, நான் விமான நிலையத்து வாசலில நிண்டனான். அந்த விமானத்தில வந்த ஆக்கள் எல்லாரும் வெளியால வந்து போயிட்டினம். இவர் வரேல்லை. கேட்டால், அப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டு சொல்லுகினம்."

நான் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தேன்.

"மூண்டு நாளா நிண்டு பாத்தன், அண்ணை."

"அழாதை பிள்ளை. விசாரிச்சுப்போட்டு விடுவினம்."

அவள் அழவில்லை. குரல் வறண்டுபோய் இருந்தது. "அண்டைக்கு இவர் எனக்குப் போன் எடுத்தவர். அந்த வளையத்தை விடமாட்டன், கை அழுகினாலும் விடமாட்டன் எண்டுதான் போனவராம். விட்டிருக்க மாட்டார் அண்ணை, எனக்கு இவரைத் தெரியும். 'இனி ஒருத்தரும் தொடமாட்டினமாம் வதனி, மேயர் அம்மா வாக்குக் குடுத்தவ, அதுதான் விட்டனான்' எண்டு சொன்னவர். அப்பிடிச் சிரிச்சவர்."

யோகமலர் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் வெங்காயம் வெட்டின கத்தி.

"அண்ணை, நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள் தானே? அந்த மனுஷி ஏன் அண்ணை அப்பிடிப் பொய் சொன்னவ? நாங்கள் அவவுக்கு என்ன செய்தனாங்கள்?"

யோகமலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "அவையள் அப்பிடித்தான்."

யோகமலர் கத்தியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு அறைக்குப் போனாள். வெங்காயம் அரைவாசியில் கிடந்தது. நான் ஒரு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 10, திங்கள்

மேயர் வளையத்தைக் கழற்றச் சொல்லிவிட்டா. இனி அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்கு வர முடியாதாம். ஊருக்குச் சொல்வது, திருத்த வேலைக்கு என்று. "நாம் அன்று அவருக்குச் சரியாகத்தானே சொன்னோம், திரு ஞானசேகரம்?" என்று கேட்டா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சரியாகத்தான் சொன்னோம், அம்மா" என்றேன்.

நாலு ஆணியில்தான் நின்றது. சிங்கத்தோடு சேர்த்துக் கழற்றிக் கொதிகலன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். சுவரில் இருந்த துளைகளைச் சாந்து குழைத்து அடைத்தேன். நிறம் பொருந்தவில்லை. நாளைக்கு இன்னொரு தரம் பூச வேண்டும்.